முடிவுற்றதாகக் கருதப்படும்

நவம்பர் கூட்டம். நாலு மணிக்கே
ஜன்னலோரம் இருட்டு வந்து உட்கார்ந்துவிட்டது.
பார்வையாளர் பகுதியில் அது மட்டும்தான்.
நான் குறிப்பெடுப்பவள்.
போத்னியா வளைகுடாவின் இந்தச் சின்ன நகரசபை
பேசுவதையெல்லாம்
யாரும் பேசாத மாதிரி எழுதுவது என் வேலை.

உறுப்பினர் இல்டா வான்ஸ்கா எழுந்தார்.
மில்லுமாக்கி மேட்டுப் படிகள், அறுபத்திரண்டு.
மேலே சிறுநீரகச் சிகிச்சை நிலையம்,
கீழே ஏழாம் எண் பேருந்து,
நடுவில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.
"ஒரு கைப்பிடிக் கம்பி. அவ்வளவுதான்."
பதினோரு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள்,
எதிரணியில் இருவர் உட்பட;
அதில் ஒருவரின் மாமியார்
போன பிப்ரவரியில் அங்கே விழுந்தவர்.

தலைவர் சுத்தியலைத் தட்டினார்.
முன்மொழிவு பெறப்பட்டது. பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது.
இந்தக் கட்டத்தில் விவாதம் கிடையாது, விதி அப்படி.
தபால் பெட்டியோடு யார் விவாதிப்பார்கள்?

பிறகு அது ஊர் சுற்றப் போனது.
தொழில்நுட்பக் குழு, படிகள் பூங்காத் துறையுடையவை என்றது.
பூங்காத் துறை, படியோரப் புல் மட்டுமே எங்களுடையது என்றது;
புல்லைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியது,
நன்றாகவே எழுதியது.
முதியோர் மன்றம் வரவேற்றது.
மாற்றுத்திறனாளிகள் மன்றமும் வரவேற்று,
இருபுறமும் வேண்டும் என்றது. நியாயம்தான்.
இருபுறமும் என்றதும் செலவு இரட்டித்தது,
இரட்டித்ததும் அது பழுதுபார்ப்பு அல்ல, முதலீடு,
முதலீடு என்றால் நிதிக்குழு,
நிதிக்குழு என்றால் அடுத்த வருடம்.

கம்பி ஒரு சென்டிமீட்டர்கூட வளரவில்லை.
கோப்பு நாற்பத்தொரு பக்கம் வளர்ந்தது.

இரண்டாம் குளிர்காலத்தில் யாரோ கயிறு கட்டினார்கள்.
மேலே விளக்குக் கம்பத்தில் ஒரு முடிச்சு,
கீழே பேருந்து நிழற்குடையில் ஒரு முடிச்சு.
நீலக் கயிறு, படகுக்காரர் முடிச்சு.
பத்துப் பதினைந்து நாளில்
கையுறைகள் பட்டுப் பட்டு நடுப்பகுதி கறுத்துவிட்டது.
நானும் பிடித்திருக்கிறேன்,
அலுவல் நேரத்துக்கு வெளியே.

இதற்கு எந்தக் குழுவும் தேவைப்படவில்லை.
அனுமதியற்ற அமைப்பு, அகற்றவும்.
தட்டச்சு செய்தது நான்தான்.
திங்கள் மாலை கையெழுத்து,
செவ்வாய் காலை வண்டி.

வந்தவன் ஆர்த்து ஹுர்மே, பராமரிப்புப் பிரிவு.
வண்டியை மேட்டில் நிறுத்தி
மேல் முடிச்சை அவிழ்த்தான்.
பிறகுதான் கீழே பார்த்தான்.
படி ஒவ்வொன்றும் கண்ணாடி போட்டுக்கொண்டு
அவனைப் பார்த்தது.
கொஞ்ச நேரம் நின்றானாம்.
முடிச்சைத் திரும்பப் போட்டு,
கயிற்றைப் பிடித்து இறங்கி,
கீழ் முடிச்சை அவிழ்த்து,
அதே கயிற்றைப் பிடித்து ஏறி,
மூச்சு வாங்கி,
மேல் முடிச்சை மறுபடி அவிழ்த்திருக்கிறான்.
பணி அறிக்கையில்,
கூடுதல் நேரத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில்,
பென்சிலால்:
வழுக்கல். கயிறு தேவைப்பட்டது.

அந்தத் தாளை நான் கோப்பில் சேர்த்தேன்.
யாரும் சேர்க்கச் சொல்லவில்லை.
நாற்பத்திரண்டாம் பக்கம்.

பதினாறாம் மாதம் பதில் சபைக்கு வந்தது.
படிகளின் தேவைகள்
நீண்டகாலத் திட்டத்தின் பின்னணியில்
உரிய சமயத்தில் கவனிக்கப்படும்.
இத்துடன் முன்மொழிவு முடிவுற்றதாகக் கருதப்படும்.

இல்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு
கடைசிப் பக்கத்தை மட்டும் வாசித்தார்.
சிலர் சிரித்தார்கள்.
மாமியார்க்காரர் சிரிக்கவில்லை,
ஆனால் பொத்தானை அழுத்தும்போது
அணியோடுதான் அழுத்தினார்.
இருபத்து நாலுக்குப் பதினேழு. பதில் ஏற்கப்பட்டது.

உறுப்பினர் வான்ஸ்கா ஓர் ஆவணத்தை வாசித்தார்
என்று எழுதினேன்.
அழித்தேன்.
வாசித்ததை வாசித்தபடியே எழுதினேன்,
அந்த மூன்று வார்த்தையை,
இரண்டு முற்றுப்புள்ளியோடு.
அதற்குள் சுத்தியல் விழுந்துவிட்டது.
எட்டாம் பொருள்:
கடற்கரையில் காட்டு வாத்துகளின் எச்சம்.